எந்த வருஷத்துக் கட்டடம்?

சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததுமே சொந்தபந்தம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். புதுசுதான் வேண்டும் என்பவர்கள் லிஃப்டைச் சொல்வார்கள், கார் பார்க்கிங்கைச் சொல்வார்கள், பேங்க்கில் லோன் சுலபமாகக் கிடைப்பதைச் சொல்வார்கள். பழசுதான் நல்லது என்பவர்கள் மண் அதிகம், ஊருக்குள் இருக்கும், கட்டி முடித்ததைக் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பார்கள். இரண்டு தரப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பு சொல்வதும் உண்மைதான். எந்த உண்மைக்கு எவ்வளவு எடை என்றுதான் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இருபது வருஷச் சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற காரியம் இது. போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

யாருக்காக இந்தக் கணக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளக் குடும்பம், குடியிருக்க, ஒரே ஒரு ஃப்ளாட், பெரும்பகுதி கடனில். வாடகைக்கு விட வாங்குபவருக்கும், மூன்று வருஷத்தில் விற்று லாபம் பார்க்க நினைப்பவருக்கும், தனி வீடு தேடுபவருக்கும் இது பொருந்தாது.

மண்ணிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பழசு கட்சியின் பெரிய ஆயுதம் அதுதான். ஃப்ளாட் வாங்கும்போது கட்டடத்தோடு மனையில் ஒரு பிரிக்கப்படாத பங்கையும் வாங்குகிறோம். சென்னையில் எல்லோரும் யுடிஎஸ் என்கிற பங்கு. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேயும், மண் தேயாது. அந்தப் பங்கின் அளவைத் தீர்மானிப்பது எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு. சாதாரண அடுக்கு மாடிகளுக்கு நெடுங்காலம் அது 1.5 ஆக இருந்தது. 900 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 600 சதுர அடி மண் என்று கணக்கு வரும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது வரம்பு 2 ஆனது. அதே 900 சதுர அடிக்கு 450. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 வரை அனுமதி. அங்கே 277 சதுர அடிதான் தேறும். எஃப்எஸ்ஐ கணக்கில் சேராத பகுதிகளையும் விற்பனைப் பரப்பில் சேர்ப்பதால் நடைமுறையில் இன்னும் குறையும்.

இதுவரை பழசு கட்சிக்கு வெற்றி. ஆனால் 600 சதுர அடி மண் பத்திரத்தில் இருக்கிறது என்பதால் அதைத் தனியாக வெட்டி விற்க முடியாது. எல்லோரும் சேர்ந்து இடித்துக் கட்டினால்தான் அந்த மண் காசாகும். அது எங்கே நடக்கும், எங்கே நடக்காது என்பதை ஒரு எளிய கணக்கே காட்டிவிடும்.

இரண்டு கிரவுண்ட் மனை, 4,800 சதுர அடி. 1.5 கணக்கில் 7,200 சதுர அடி கட்டி, 900 சதுர அடி வீதம் எட்டு ஃப்ளாட். இதை இடித்து எஃப்எஸ்ஐ 2-இல் கட்டினால் 9,600 சதுர அடி வரும். எட்டுப் பேருக்கும் பழைய அளவையே திருப்பிக் கொடுத்துவிட்டால் பில்டர் கையில் மிஞ்சுவது 2,400 சதுர அடி. முழுக் கட்டடத்தையும் அவர் தன் செலவில் கட்ட வேண்டும். விற்கக் கிடைப்பது அதில் கால் பங்கு. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவர் 10,000 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட காசு வரும். இடிக்கும் செலவு, குடும்பங்களுக்கு இரண்டு வருஷ வாடகை, வட்டி, அவருடைய லாபம் எல்லாம் அதற்கு மேல். ஆகவே புதிய ஃப்ளாட்டின் விலை கட்டுமானச் செலவைப்போல நான்கு மடங்கைத் தாண்டும் பகுதிகளில்தான் பில்டர் தானாக வந்து கதவைத் தட்டுவார். பிரீமியம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கினால் இந்த விகிதம் கொஞ்சம் தளரும். எவ்வளவு கிடைக்கும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, அண்ணா நகர் போன்ற இடங்களில் மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக இடிபடுவதற்கும், வெளிவட்டப் பகுதிகளில் அதே வயதுக் கட்டடம் கேட்பாரற்று நிற்பதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

சட்டமும் இதில் ஒரு திருப்பம் தந்திருக்கிறது. முன்பெல்லாம் எட்டு வீட்டில் ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். 2022-இல் நிறைவேறி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். பழைய ஃப்ளாட்டின் மண்ணுக்கு உண்மையான பலம் வந்தது இதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

சரி, மண் அதிகம் என்பதால் எவ்வளவு பழசானாலும் வாங்கலாமா? கூடாது. இங்கேதான் கான்கிரீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. புரோக்கர் இந்தப் பேச்சைத் தொடவே மாட்டார்.

சென்னையின் பழைய கட்டடங்களை அரிப்பது உப்பும் ஈரமும். கடற்காற்று, உப்பு கலந்த போர் தண்ணீர், கம்பிக்கு மேல் போதுமான கனமில்லாத கான்கிரீட் மூடல் மூன்றும் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். இது ஒரே நாளில் தெரியாது. தெரியும்போது பல வருஷ வேலை உள்ளே முடிந்திருக்கும்.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: வாங்கப்போகிற வீட்டுக்குள் கால் மணி நேரம் போதும், கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவருடைய பாத்ரூம் கூரையைப் போய்ப் பாருங்கள். மேல் வீட்டுப் பாத்ரூமின் தளம் அங்கேதான் தன் கதையைச் சொல்லும். குழாய் இறங்கும் மூலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கும். வெள்ளை உப்பு பூத்திருந்தால் வெகு நாளாகத் தண்ணீர் இறங்குகிறது. பழுப்பு நிறத்தில் நேர்கோடு ஓடி, ஒரு சாண் தள்ளி அதற்கு இணையாக இன்னொரு கோடு ஓடினால் அது வெறும் பூச்சு விரிசல் கிடையாது. கம்பிகள் போகும் தடம் அது. ஒரு துடைப்பக் கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கெட்டியாக ஒலிக்கும். பிரிந்து நிற்பது டப்டப் என்று பொள்ளலாக ஒலிக்கும். கூரை மட்டும் புத்தம் புது வெள்ளையாகவும் சுவரெல்லாம் பழசாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கெட்ட கான்கிரீட்டைச் செதுக்கி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருவகற்றி, அதற்குரிய பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவதுதான் சரியான வைத்தியம். மேலே சிமென்ட் பூசிப் பெயின்ட் அடிப்பது விற்பனைக்கான ஒப்பனை.

அடுத்து மொட்டை மாடி. தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் வாய் அடைந்து பாசி பிடித்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரோரம் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு தூண்களின் அடிப்பாகம். சம்ப்பை ஒட்டிய தூண் ஈரத்தில் ஊறியே இருக்கும்.

இந்த இடத்தில் புதுசு கட்சி எழுந்து, இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது.

முதல் பதில், புதுசு என்பது உறுதிக்குச் சான்று ஆகாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். சாலிகிராமத்தில் பத்து வருஷம்கூட ஆகாத ஒரு பெரிய குடியிருப்பில் கூரைப்பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து விழ, கம்பி அரிப்பு அம்பலமாகி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இருபது வருஷம் மழையும் வெயிலும் பார்த்துத் தாங்கி நிற்கிற கட்டடம் ஒரு பரீட்சை எழுதி முடித்திருக்கிறது. புதுக் கட்டடம் இன்னும் எழுதவில்லை.

இரண்டாவது பதில்தான் முக்கியம். பழசு என்றாலே ஒரே பழசு அல்ல. ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் விதிநூல் 2000-இல் திருத்தப்பட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டின் குறைந்தபட்சத் தரம் எம்15-இலிருந்து எம்20 ஆனது. கடலோரச் சூழலுக்கு அதைவிட உயர்ந்த தரமும் அதிக மூடலும் வேண்டும் என்று விரிவாக வகுக்கப்பட்டது. 2002-இல் நிலநடுக்க விதிநூல் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. வடிவமைப்பிலேயே கூடுதல் பலம் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. இத்தனையும் வந்த பிறகும் எஃப்எஸ்ஐ மட்டும் 1.5-லேயே நின்றது, 2019 வரை.

இதை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2003-க்கும் 2019-க்கும் இடையில் வரைபட அனுமதி வாங்கிய சாதாரண அடுக்குமாடிகளுக்குப் புதிய விதிநூல்களின் கான்கிரீட்டும் பழைய வரம்பின் மண்ணும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. அதற்கு முந்தியவற்றில் மண் உண்டு, கான்கிரீட் பழைய தரம். பிந்தியவற்றில் கான்கிரீட் புதுசு, மண் குறைவு. அதோடு மனைக்கு அனுமதித்த பரப்பை ஏற்கனவே தீர்த்துவிட்டதால், நாற்பது வருஷம் கழித்து இடித்துக் கட்ட யாரையாவது கூப்பிட்டால் கொடுக்க மிச்சமே இருக்காது. வயதை மட்டும் கேட்பதைவிட, அனுமதி வாங்கிய வருஷத்தைக் கேட்பது பயன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான். விதிநூல் இருந்தது என்பதாலேயே பில்டர் அதைப் பின்பற்றினார் என்று ஆகிவிடாது. கட்டமைப்பு வரைபடம் சங்கத்திடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போய்க் காட்டவும் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் இந்த வியாபாரத்தில் மிகச் சிறிய செலவு.

இப்போது காசு. ஒரே பகுதியில், ஒரே கார்ப்பெட் பரப்புள்ள இரண்டு ஃப்ளாட். கார்ப்பெட் பரப்பு என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கிளப் ஹவுஸும் லிஃப்ட் லாபியும் உள்ள புதுக் குடியிருப்பில் விற்பனைப் பரப்பில் பெரும் பங்கு பொது இடத்துக்குப் போய்விடும். விற்பனைப் பரப்பை ஒப்பிட்டால் கணக்கு ஆரம்பத்திலேயே பிசகும். கட்டிக்கொண்டிருக்கும் புதிய ஃப்ளாட் 80 லட்சம் என்று வைப்போம். ஜிஎஸ்டி 5 சதவீதம், 4 லட்சம். புதிய ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். 5.6 லட்சம். மொத்தம் 89.6 லட்சம். ரீசேல் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். புரோக்கருக்கு 1 சதவீதம். வயரிங், குழாய், பாத்ரூம், பெயின்ட் என்று 8 லட்சம் ஒதுக்குவோம்.

பழசு கட்சிக்காரர்கள் இங்கே வாடகையைச் சேர்க்கச் சொல்வார்கள். புது ஃப்ளாட் கைக்கு வரும் வரை முப்பது மாதம் 22,000 ரூபாய் வாடகை கொடுத்தால் 6.6 லட்சம் என்பார்கள். காதுக்கு நல்ல வாதம், கணக்கில் நிற்காது. புது ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டம் கட்டமாகப் போகிறது. பழைய ஃப்ளாட்டுக்கு முழுப் பணமும் முதல் நாளே போகிறது. சராசரியாகப் பாதிப் பணம் முப்பது மாதம் நம் கையிலோ பேங்க்கிலோ நிற்கிறது. 8.5 சதவீத வட்டியில் அதன் மதிப்பு 8.5 லட்சம். வாடகை அதில் அடிபட்டுப் போய்விடும். ஆனால் கட்டுமானம் இரண்டு வருஷம் தள்ளிப் போனால் நிலைமை தலைகீழ்: பணமெல்லாம் போயிருக்கும், வட்டி ஓடும், வாடகையும் ஓடும். ஆகவே வாடகையைச் செலவாக எழுதாமல், தாமத அபாயமாக எடைபோடுவதே நியாயம்.

கட்டடத் தேய்மானமும் கணக்கில் வர வேண்டும். 80 லட்சத்தில் கட்டடத்தின் பங்கு 25 லட்சம், ஆயுள் 50 வருஷம் என்று கொண்டால், 15 வருஷப் பழசில் 7.5 லட்சம் தீர்ந்திருக்கிறது. 89.6-இலிருந்து 7.5-ஐயும் ரிப்பேர் 8-ஐயும் கழித்து, 10 சதவீதச் செலவையும் ஒதுக்கினால் சுமார் 67 லட்சம் வரும். அதாவது அதே பகுதிப் புதிய ஃப்ளாட்டைவிடப் பழசு ஏறக்குறைய 15 சதவீதமாவது மலிவாக இருந்தால்தான் அது நியாயமான விலை. விற்பவர் 76 லட்சம் கேட்டு, மண் அதிகம் சார் என்று மட்டும் சொன்னால் அந்த மண் அந்தத் தெருவில் காசாகுமா என்ற நான்கு மடங்குக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் பகுதி விலையை வைத்து இதே வரிசையில் போட்டால் உங்களுக்கான எண் கிடைக்கும்.

பத்திர விஷயத்தில் புதுசுக்கு ஒரு தெளிவான பலம் உண்டு: ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது எட்டுக்கு மேற்பட்ட ஃப்ளாட் உள்ள திட்டம் பதிவு செய்தே விற்க வேண்டும். வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை கண்டால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இவையெல்லாம் உண்மையான பாதுகாப்புகள். 2017-க்கு முன் வாங்கியவர்களுக்கு இவை இருந்ததில்லை. ஆனாலும் ஆணை கிடைப்பது ஒன்று, ஆணைப்படி பணம் கைக்கு வருவது இன்னொன்று. கையில் காசில்லாத பில்டரிடம் எந்தச் சட்டமும் சீக்கிரம் வசூலித்துத் தராது. ரெராவின் பலம் பணக்கார பில்டரிடம் முழுசு, சின்ன பில்டரிடம் பாதி.

பழைய ஃப்ளாட்டின் பத்திரத்தில் எல்லோரும் ஈசி என்கிற வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கிறார்கள். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாக வழக்கு இவை ஈசியில் வராது. அதற்குத்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாக வக்கீல் பார்க்க வேண்டும். பேங்க் லீகல் பார்த்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அவர்கள் பார்ப்பது தங்கள் கடனுக்குப் பாதுகாப்பை. யாரும் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: எல்லா வீட்டுப் பத்திரத்திலும் உள்ள யுடிஎஸ்ஸைக் கூட்டிப் பாருங்கள். மனையின் மொத்தப் பரப்புக்கு அது சமமாக வர வேண்டும். குறைந்தால் மிச்சத்தைப் பில்டரோ பழைய நில உரிமையாளரோ தன் பெயரிலேயே வைத்திருக்கிறார். இடித்துக் கட்டும் நாளில் அவர் வந்து நிற்பார். கூடினால் அனுமதியில்லாத மாடி ஒன்று விற்கப்பட்டிருக்கலாம். வாங்கப்போவது மேல் மாடி என்றால் அனுமதி வரைபடத்தில் அந்த மாடி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி, எந்தப் பத்திரத்திலும் எழுதியிராத ஒரு சரக்கு: அக்கம்பக்கத்து மனிதர்கள். என் மதிப்பீட்டில் பழைய ஃப்ளாட்டை வாங்கலாமா கூடாதா என்பதற்குக் கான்கிரீட்டுக்கு அடுத்த எடை சங்கத்துக்குத்தான். சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, கார்பஸ் எவ்வளவு, கடைசி மூன்று வருஷத்துக் கணக்கு தணிக்கை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மொட்டை மாடியில் ஒழுகுகிறது, செலவை மேல் மாடிக்காரர் மட்டும் ஏற்பதா எல்லோரும் பகிர்வதா என்ற ஒரே விஷயம் நான்கு கூட்டமாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்தக் கட்டடம் பழுதைவிட வேகமாகச் சண்டையால் அழியும். அதே புத்தகத்தில் சம்ப் சுத்தம் செய்த தேதியும், பம்ப் மோட்டார் மாற்ற மூன்று கொட்டேஷன் வாங்கியதும், பாக்கிதாரர்களின் பெயரும் ஒழுங்காக எழுதியிருந்தால் சுவரில் இருக்கும் சில விரிசல்களை மன்னிக்கலாம். புது ஃப்ளாட்டில் இதைச் சோதிக்க வழியே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் அவரோடு சேர்ந்து ஒரு மனைக்குச் சொந்தக்காரர் ஆகிறோம்.

பழசுக்கு எதிரான நியாயமான வாதங்களும் இருக்கின்றன. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. நாற்பத்தைந்து வயதில் வாங்குபவருக்குக் கடன் தீரும்போது அறுபத்தைந்து ஆகும். இரண்டாம் மாடிப் படி அன்றைக்குப் பெரிய கேள்வி. தரைத்தளம் எடுக்கலாமே என்றால் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளக்காரர்கள் பட்டதை ஊரே பார்த்தது. பழைய பகுதிகளில் சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால் தெரு உயர்ந்து வாசல் பள்ளமாகிவிட்ட கட்டடங்கள் ஏராளம். தெருவைவிடச் சம்ப் மூடி தாழ்வாக இருந்தால், மழை நாளில் சாக்கடைத் தண்ணீர் குடிநீரில் கலக்கும். இப்படிப்பட்ட கட்டடத்தை மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் விட்டுவிடுவதே மேல். மறுபக்கம், ஓஎம்ஆர் ஓரத்துப் புதுக் குடியிருப்புகள் பல லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அதன் விலை என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் மெட்ரோ வாட்டர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் உள்ள பழைய கட்டடத்துக்கு இந்த ஒரு வரியில் பெரிய மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

விற்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். முப்பது வருஷம் தாண்டிய கட்டடத்துக்குப் பேங்க்குகள் நீண்ட காலக் கடன் கொடுக்கத் தயங்கும். அப்படியானால் நாளை உங்களிடம் வாங்குபவர்கள் கையில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் மட்டுமே. ஆள் குறைந்தால் விலையும் குறையும். இன்றைக்கு 25 வருஷமான ஃப்ளாட்டை வாங்கி 12 வருஷம் கழித்து விற்கிறவர் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார். பத்து வயதுக் கட்டடத்தை வாங்கியவருக்கு இடைஞ்சலில்லை. விற்பவர் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் உடன்படாதீர்கள்: 20,000 ரூபாயும் அதற்கு மேலும் சொத்து வியாபாரத்தில் ரொக்கமாகக் கைமாறுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதோடு, பத்திரத்தில் மதிப்பு குறைந்தால் நாளை நீங்கள் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரி கூடும். 2024 ஜூலை 23-க்குப் பின் வாங்கிய வீட்டை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் பணவீக்கச் சலுகையில்லாமல் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. அதனால் வீட்டை மேம்படுத்திய செலவுகளின் பில்லைத் தூக்கிப் போடாமல் கோப்பில் வையுங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால், நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய டிடிஎஸ், 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு வழக்கமாகப் பிடிக்கும் 1 சதவீதத்தோடு நிற்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி என் தீர்ப்பைச் சொல்கிறேன். குடியிருக்க ஒரே ஃப்ளாட் வாங்கும் குடும்பத்துக்கு முதல் தேர்வு, 2003-க்குப் பின் 2019-க்கு முன் அனுமதி பெற்ற, லிஃப்ட் உள்ள, நடைமுறையில் இயங்கும் சங்கம் உள்ள ரீசேல் ஃப்ளாட், புதியதைவிட 15 சதவீதமாவது மலிவாகக் கிடைத்தால். இரண்டாவது தேர்வு, நிறைவுச் சான்றிதழ் வாங்கி விற்காமல் நிற்கும் புதிய ஃப்ளாட். அதற்கு ஜிஎஸ்டி இல்லை, தாமத அபாயமும் இல்லை. இந்த இரண்டும் கிடைக்காதபோதுதான் கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட். அதுவும் சொன்ன தேதிக்குச் சொன்னபடி முடித்துக் கொடுத்த வரலாறு உள்ளவரிடம், ரெராப் பக்கத்தில் காலாண்டு முன்னேற்ற அறிக்கையைப் படித்துவிட்டு. முப்பது வருஷம் கடந்த கட்டடம் ஒரே நிலையில்தான் பரிசீலிக்கத் தக்கது: கேட்கும் விலை ஏறக்குறைய மண்ணின் விலையாகவே இருக்க வேண்டும், நான்கு மடங்குக் கணக்கு அந்தத் தெருவில் தேற வேண்டும், இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் ஏற்கனவே பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். அதிலும் அந்த இரண்டு மூன்று வருஷ வாடகையைப் பில்டர் தருவதாக எழுத்தில் வந்த பிறகே கையெழுத்துப் போடலாம்.